அட்வான்ஸுக்குப் பத்து நாள்

குளியலறையின் பின்சுவரை இடித்தவர்கள் அந்த இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனார்கள். காற்றடித்தால் அது மூச்சு விடுவதுபோல் உள்ளே புடைத்து வெளியே போகும். எங்கள் முன்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். பின்பக்கத்துக்கு நான்கு கயிற்று முடிச்சு. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்ட பிறகு பகல் முழுக்க வீட்டில் நான் தனிதான்.

அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. படி ஏறி இறங்கும் பழைய குளியலறை அவருக்கு ஆகாது என்று அத்தை வீட்டில் விட்டிருந்தோம். படியை எடுத்து, இடத்தை அகலப்படுத்தி, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துத் தருவதாக குளியலறை கட்டித்தரும் ஒரு கம்பெனி சொன்னது. அம்மா தன் சேமிப்பு முழுவதையும் எடுத்து அட்வான்ஸ் கொடுத்தாள். அந்தப் பணம் போனால் அப்பா வீட்டுக்கு வர வழியில்லை.

அம்மா ஏமாளி இல்லை. சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு காலரைப் பிடித்துப் பார்த்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பவள். ஒப்பந்தத்தில் தானே பேனாவால் ஒரு வரி எழுதி, குளியலறைக் கம்பெனி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். தொடர்ந்து பத்து நாள் வேலை நடக்காவிட்டால் மொத்த அட்வான்ஸையும் திருப்பித் தர வேண்டும்.

சுவரை இடித்துவிட்டுப் போன ஒன்பதாம் நாள் ராத்திரி சாப்பிடும்போதுதான் அதை எனக்கு விளக்கினாள்.

"நாளையோட பத்து நாள்டி. நாளைக்கு ஆறு மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது. வந்து ஒரு ஆணி அடிச்சாலும் கணக்கு முதல்லேர்ந்து. புரியுதா?"

தலையாட்டினேன். எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

ஏனென்றால் டைல்ஸ்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்திருந்தார். மூன்றாம் நாளும் எட்டாம் நாளும். தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு வந்து, பெட்டியிலிருந்து மூன்று டைல்ஸ் எடுத்து மணலில் பரப்பி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பப் பெட்டியிலேயே அடுக்கினார். சிமெண்டைத் தொடவே இல்லை. பிறகு ஒரு நீள நோட்டை நீட்டி, "சும்மா வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து பாப்பா" என்றார். அந்நிய மனிதர் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. போட்டுக் கொடுத்தால் போய்விடுவார் என்று இரண்டு தடவையும் போட்டுவிட்டேன். யாரையும் உள்ளே விடாதே என்பது அம்மாவின் உத்தரவு. அதனால் அவளிடம் சொல்லவில்லை.

அன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலையில் அம்மா போனதும் நான்கு முடிச்சையும் இரட்டை முடிச்சாக்கினேன். அடுப்படிக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, கேஸ் சிலிண்டரை உருட்டி முட்டுக்கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிடவும் முடியாது. சட்டைக் கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தார்ப்பாய் சரசரத்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். காற்று இருமாது.

"பாப்பா? உள்ளதான இருக்க?"

நான் மூச்சை அடக்கினேன். கதவிடுக்கு வழியாக அவருடைய சிமெண்ட் படிந்த செருப்பு தெரிந்தது. பெட்டி திறக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று டைல்ஸ். போன் அடித்தது.

"எடுத்துட்டேன் சார். அந்தப் பொண்ணா? ஆளையே காணோம். அது எதுக்கு சார், அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்... சார்? கேக்குதா? ஒரு நிமிஷம், வெளிய வர்றேன்."

செருப்பு நகர்ந்தது. டைல்ஸ் பெட்டியின் மேல் நோட்டு கிடந்தது.

எப்படிப் போனேன் என்று இப்போதும் தெரியாது. சிலிண்டரை நகர்த்தியதும், ஆறு எட்டு எடுத்து வைத்ததும், நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பித் தாழிட்டதும் வேறு யாரோ செய்தது போலிருந்தது. நோட்டு இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான் என் எண்ணம்.

தரையில் உட்கார்ந்து பிரித்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே பெயரும் போன் நம்பரும். எங்கள் பக்கத்தில் என் கையெழுத்து இரண்டு இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. மூன்றாவது இன்றைய தேதியில். நான்காவது அடுத்த செவ்வாய்க்கிழமை. ஐந்தாவது அதற்கும் அடுத்த திங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக 'வேலை நடந்தது' என்று எழுதியிருந்தது.

இன்னும் வராத நாட்களில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். காலையிலிருந்து நான் ஒளிந்திருந்ததற்கு அர்த்தமே இல்லை. அவருக்கு நான் தேவைப்படவே இல்லை.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"பாப்பா, இங்க ஒரு நோட்டு வச்சிருந்தேன். எலி தூக்கிட்டுப் போச்சா? உங்க வீட்டு எலி படிக்குமா என்ன?"

நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"குடு தங்கம். அண்ணன் போயிடறேன்."

பிறகு, "திருட்டுன்னு சொன்னா போலீஸு உன்னத்தான் கேக்கும், தெரியுமில்ல?"

பிறகு உதை. தாழ்ப்பாளின் ஒரு திருகாணி கழன்று என் மடியில் விழுந்தது. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முதுகால் கதவை முட்டினேன். ஒவ்வொரு உதையும் என் பல்லில் கேட்டது. கத்த வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

திடீரென்று நின்றது. அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. குரல் கீழே இறங்கி, என் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"பாப்பா, அதுல பதினோரு வீடு இருக்கு. மேனேஜர் என்னத் தொலைச்சிருவாரு. மூணு மாசச் சம்பளம் அவர்கிட்ட நிக்குது. குடுத்துரும்மா."

உதையைவிட அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. கை தானாகத் தாழ்ப்பாள் பக்கம் போனது. கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், நான் போட்ட இரண்டு கையெழுத்தும் சேர்ந்து போய்விடும். அப்பாவின் ஊன்றுகோல் அத்தை வீட்டுத் தரையில் டொக் டொக்கென்று தடுமாறும் சத்தம் நினைவில் கேட்டது. கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

எப்போது போனார் என்று தெரியவில்லை. போய்விட்டாரா என்று பார்க்கும் தைரியமும் இல்லை. ஆறே கால் வரை தார்ப்பாய் அசையும்போதெல்லாம் அவர் திரும்பி வந்தார்.

அம்மா முன்கதவைத் தட்டித் தட்டி, பின்பக்கமாகவே வந்துவிட்டாள். அவிழ்ந்த முடிச்சையும் மணலில் கிடந்த மூன்று டைல்ஸையும் பார்த்தாள்.

"யாருடி வந்தது?"

நோட்டை நீட்டினேன். வாசித்தாள். முகம் சுருங்கியது.

"அஞ்சு கையெழுத்தா? நீயா போட்ட?"

ஒன்றுமே நான் போடவில்லை என்று சொல்லிவிடலாம். நம்புவாள்.

"மொத ரெண்டும் நான்தாம்மா. மத்த மூணும் நான் இல்ல."

அம்மா என்னை அடிக்கவில்லை. நோட்டை விளக்கு வெளிச்சத்தில் காலரைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

"இது ரெண்டும் கைத்தையல். கோணிக்கிட்டுப் போகுது. இது மூணும் மெஷின் தையல், ஒரே சீரு." நோட்டை மடியில் இறக்கி, "ரெண்டு தடவ வந்திருக்கான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ" என்றாள். அது அடியைவிட வலித்தது. பிறகு முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, நோட்டிலிருந்த மற்ற பத்து நம்பருக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டாள்.

மறுநாள் என்னையும் கம்பெனி ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நோட்டிலிருந்த நான்கு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் மேனேஜர், பளபளக்கும் குளியலறைப் படங்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சும் உங்க பொண்ணு போட்டதுதாம்மா. முன்கூட்டியே மொத்தமா போட்டுக் குடுத்திருக்கு. என்ன பாப்பா? பொய் சொன்னா கேஸு உன் பேர்லதான் வரும். யோசிச்சுச் சொல்லு."

வாய் வழக்கம்போல் பூட்டிக்கொண்டது.

"அவ பேசமாட்டா சார், போடுவா" என்றாள் அம்மா. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினாள். "போடுடி."

போட்டேன். பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. எழுத்து மழையில் நனைந்த நூல்மாதிரி நெளிந்தது.

"பயத்துல போடுது. ஒழுங்கா இன்னொண்ணு போடச் சொல்லுங்க."

இன்னொன்று. இன்னும் மோசம். மூன்றாவதில் தாள் கிழிந்தது.

அம்மா நோட்டைப் பக்கத்தில் வைத்தாள். "மொத ரெண்ட பாருங்க சார். இதே நடுக்கம். உங்காளப் பாத்துப் பயந்துக்கிட்டே போட்டிருக்கா. அடுத்த செவ்வாக்கிழமை மட்டும் எம்பொண்ணுக்கு எங்கேர்ந்து இவ்வளவு தைரியம் வந்துச்சு?"

மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே நின்ற நான்கு பேரையும் பார்த்தார். அவருடைய சிரிப்பு வடிந்தது.

"சரிம்மா. செக் தர்றேன். வெளிய யார்கிட்டயும் பேசாதீங்க."

"செக் வேணாம். கணக்குல போடுங்க. மெசேஜ் வர்ற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்போம். நோட்டு என் மடியில இருக்கும். பேசறதப் பத்தி வெளிய நிக்கறவங்களே உங்ககிட்ட பேசுவாங்க."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அம்மா செல்போனை என் கையில் கொடுத்தாள். அறைக்குள் ஏசி மட்டும் இரைந்தது. அவர் மறுபடி நிமிர்ந்து என்னையே பார்ப்பார், எழுந்து வந்து கதவைச் சாத்துவார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளங்கை ஈரத்தில் போன் வழுக்கியது.

கை அதிர்ந்தது. போனா, நானா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "போன்தான்டி" என்றாள்.