ஆயுத பூஜைத் தண்ணீர்

2025ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, நூற்றைம்பது நாற்காலிகளையும் பன்னிரண்டு அண்டாக்களையும் ஏற்றிக்கொண்டு மாங்காட்டிலுள்ள ஒரு மண்டபத்துக்குச் சென்ற எங்கள் பிக்கப் வண்டி, குமணன்சாவடிக்குச் சற்று முன்னால் ஆவி கக்கி நின்றது. பூந்தமல்லியில் விழாச் சாமான்களை வாடகைக்கு விடும் கடை என்னுடையது. நான் ஆட்டோ பிடித்து அங்கே சேர்ந்தபோது, ஓட்டுநர் மதுரைவீரன் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு வெயிலில் நின்றிருந்தார். பாத்திரம் துலக்கக் கூடவே சென்ற கன்னியம்மாள் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"காலையில் தண்ணீர் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பாட்டில் ஊத்திக்கினுதாம்மா கெளம்புனேன். தண்ணி எங்கியோ போவுதுன்னு பத்து நாளா சொல்லிக்கினு கீறேன். சூடு காட்ற முள்ளு ஏறுனதுமே ஓரங்கட்டி நிறுத்திட்டேன்."

"நேற்றிரவு குடித்தாயா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாலை போட்டவர், மாலையைக் கழற்றிய பிறகும் குடியைத் தொடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னா அண்ணாத்தே, மறுபடி ஆரம்பிச்சிட்டியா? வண்டிக்கும் ஒரு கட்டிங் ஊத்திட்டியா?" என்று கன்னியம்மாள் சிரித்தாள். நான் அவளை அடக்கவில்லை.

நாற்காலிகள் வேறு வண்டியில் சென்றன. எங்கள் வண்டியை மெக்கானிக் ஜுல்ஃபிகரின் பட்டறைக்குக் கட்டி இழுத்துச் சென்றோம். சூடு ஆறியதும் அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கியது.

"பாத்தீங்களாம்மா, சோடா கணக்கா வருது. சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள பூந்துகினு கீது. ஹெட் கேஸ்கெட் போச்சு." எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். அதில் எண்ணெய், தண்ணீர் கலந்து, பால் காபியின் நிறத்தில் இருந்தது.

"யார் செய்த தவறு?" என்று கேட்டேன்.

"கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஜோசியம் வேற கடைல பாருங்க."

வெள்ளிக்கிழமை கழற்றினார். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு நகத்தின் அகலத்துக்குக் கருகி அறுந்திருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ரேடியேட்டரைக் கவிழ்த்து ஒரு செய்தித்தாளின்மேல் தட்டினார். வெள்ளைப் பொருக்குகள் உதிர்ந்தன.

"இது இன்னா, சுண்ணாம்புக் காளவாயா? கூலண்ட எறக்கிட்டு போர் தண்ணி ஊத்துனது யாரு? பாதி குழாய் அடைச்சுக்கினு கீது. சூடு எங்க போவும்? கேஸ்கெட்டத்தான் தின்னும்."

ஊற்றச் செய்தவள் நான். உள்ளும் புறமும் கழுவாத வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது நான் வகுத்த விதி. ரேடியேட்டரில் இருந்த பச்சை நீர் எனக்குக் குளத்துப் பாசியாகத் தெரிந்தது. கடந்த மூன்று ஆயுத பூஜைகளிலும் அதை வடியவிட்டு, அயனம்பாக்கத்தில் என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பச் சொன்னேன். "அது அழுக்கு இல்லம்மா, மருந்துத் தண்ணி" என்று முதல் ஆண்டே மதுரைவீரன் தடுத்தார். சொன்னதைச் செய் என்றேன். அதே நீர் என் வீட்டில் இரண்டு ஹீட்டர்களை அரித்திருக்கிறது. அதில் நான் உலை வைப்பதுகூட இல்லை.

ஜுல்ஃபிகர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நாந்தான் பாய் ஊத்துனேன்," என்றார் மதுரைவீரன்.

"அறிவு கீதா உனக்கு?"

"கம்மிதான் பாய்."

பழியை அவர் மேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோவில் வீடு திரும்பிக் கைகால் கழுவப் போனேன். குளியலறை வாளியின் உட்புறம் விளிம்புவரை வெள்ளை பூத்திருந்தது. அந்த வாளியில்தான் பூஜையன்று தண்ணீர் கொடுத்தனுப்பினேன்.

அம்பத்தூர் லேத்தில் சமன் செய்யப்பட்ட எஞ்சின் ஹெட் திங்கட்கிழமை திரும்பி வந்தது. புதிய கேஸ்கெட்டை வைத்து, ஜுல்ஃபிகர் நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்புறமாக, மூன்று சுற்றுகளில், அளவு பார்த்து முடுக்கினார். அந்த ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி போல்ட் முடிந்ததும் சொன்னேன்: "அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னது நான். அவர் தடுத்தார். நான் கேட்கவில்லை."

ஜுல்ஃபிகர் மதுரைவீரன் பக்கம் திரும்பினார். "அப்ப நான் திட்டுனதெல்லாம்?"

"அடுத்த தபா கழிச்சுக்கலாம் பாய்."

பட்டறையில் சொன்னது போதாது. மறுநாள் காலை, கடையில் கன்னியம்மாளும் சுமைதூக்குவோரும் கூடியிருக்கையில், வண்டி பழுதானது என் தவறு என்றும், அவர் குடித்ததாகப் பேசியது பொய் என்றும் சொன்னேன். கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மதுரைவீரன் முகம் இளகவில்லை.

"வண்டி மேட்டர் சரிம்மா. குடிச்சியான்னு கேட்டீங்களே, அது என் பொண்ணு காது வரைக்கும் பூட்ச்சு. நாலு நாளா எங்கிட்ட பேசமாட்டேன்றா."



இறுதியில் முடிவானவை இவை. வண்டியின் சாவி மதுரைவீரனிடமே இருக்கும். ரேடியேட்டரில் எதை ஊற்றுவது என்பதை ஜுல்ஃபிகர் சொல்வார். ஆயுத பூஜையன்று வண்டியின் வெளிப்புறம் மட்டும் கழுவப்படும். ஞாயிற்றுக்கிழமை நான் மதுரைவீரனின் வீட்டுக்குச் சென்று, அவருடைய மகளிடம், நான் சொன்னது பொய் என்று என் வாயால் சொல்ல வேண்டும். வரலாமா என்று அவரிடம் கேட்டேன். வாருங்கள் என்று அவர் அழைக்கவில்லை. பதினொரு மணிக்கு மேல்தான் அவள் வீட்டில் இருப்பாள் என்று மட்டும் சொன்னார்.