நல்லநடப்பு

கோபம் வந்தால் எனக்கு முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அன்று இரண்டும் ஒன்றாக நடந்தன.

“இன்னொரு தடவை லேட்டா வந்தான்னா கோர்ட்டுக்கு எழுதிடு, யோகப்பிரியா. ஜெயிலுக்குப் போகட்டும்,” என்றார் என் மேலதிகாரி அனந்த். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர்.

பேச்சு காளிச்சாமியைப் பற்றி. கேரள எல்லையோர வேலந்தாவளத்தில் விவசாயி. மாட்டுச்சந்தையில் ஒரு தரகரை அறைந்துவிட்டார். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்பில் விட்டிருந்தது. மாதம் ஒருமுறை காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். மனிதர் எப்போதும் மத்தியானம்தான் வந்து நிற்பார்.

“பயிற்சியில என்னங்க சார் சொன்னாங்க? மிரட்டறத விட, முந்தின நாளே ஞாபகப்படுத்துனா ஆளுக ஒழுங்கா வர்றாங்கன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்கல்ல? தண்டிக்கறதுக்கு முன்னாடி ஏன்னு கேக்கச் சொன்னாங்கல்ல?”

“அதெல்லாம் எங்கேயோ சீமையில பண்ணினதும்மா. வேலந்தாவளத்துக்கு ஒத்துவருமோ?”

“ஒருக்கா பாத்துப்போடலாமுங்க சார். வரலீன்னா நானே எழுதித் தர்றேன்.”

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. சொதப்பினால் ஜெயிலுக்குப் போகப்போவது நானில்லையே!

முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தேன். “நாளைக்குப் பத்து மணிக்கு நல்லநடப்பு ஆபீசுங்க. மறந்துறாதீங்க.” எங்கள் துறைக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். நன்னடத்தை என்று அர்த்தம்.

மறுநாள் அலுவலகம் திறக்குமுன்பே காளிச்சாமி படியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், வேட்டி முழுக்கப் புழுதி, பாதமெல்லாம் கொப்புளம்.

“ஏனுங்க, காலுக்கு என்னாச்சு?”

“நடந்தா கொப்புளம் வராதுங்களா, அம்மிணி? எப்பவும் பால் கறந்துபோட்டுத்தான் கிளம்புவனுங்க, வந்து சேர மத்தியானம் ஆயிப்போகும். நீங்க போன் பண்ணுனதுனால, ‘பால நான் கறந்துக்கறேன், நீங்க வெள்ளனே நடங்க’ன்னுட்டா எம்பட ஊட்டுக்காரி.”

“ஏன், பஸ்ஸு ஓடலீங்களா?”

“பஸ்ஸா!” அவர் நெஞ்சில் கை வைத்தார். “நல்லா நடக்கோணும்னுதானுங்களே ஜட்ஜய்யா தீர்ப்புச் சொன்னாரு? பஸ்ஸுல ஏறுனா ஜெயில்ல போட்ருவாங்கல்லங்க!”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே கண்ணீரும். பின்னால் வந்து நின்ற அனந்த் சார், “அட ராமா, ஏன்னு ஒருத்தரும் கேக்கலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அர்த்தத்தை நான் விளக்கியதும் காளிச்சாமி வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய அறிக்கையை அனந்த் சாரே எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: “காளிச்சாமி மிக நன்றாக நடக்கிறார்.”

“அப்ப இனி பஸ்ஸுல வரலாமுங்களா?”

“தாராளமா வாங்கோ. எல்லாருக்கும் இனிமே முதல் நாளே போன் பண்ணிடு, யோகப்பிரியா. ஏன் வரலைன்னும் கேட்டுடு.”

அனந்த் சாரே பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். சன்னலோரம் உட்கார்ந்த காளிச்சாமி, வண்டி நகருமுன் மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏ மருதாத்தா, நான் பஸ்ஸுல வர்றேன் புள்ளே! அழுவாதே, ஆரும் புடிக்கலே. ஆபீசரே ஏத்திவுட்டாரு!”