தரையில் நின்ற நான்காவது குழாய்

“அதை ஏன்ப்பா தட்டிப் பாக்குற? அது கழிவுக் குழாயே இல்ல,” என்றான் பக்கத்து வீட்டு இர்வின், தன் கீழ்த்தளத்தில் நின்றபடி.

“நாலு இஞ்ச் இருக்கே. இருக்கறதுலயே பெரிய குழாய்தானே டாய்லெட்டுக்கு?” என்றான் ரோலண்ட்.

“யாரு சொன்னா? டாய்லெட்டுக்கு அதோ அந்த மூணு இஞ்ச். இது காத்துக் குழாய். மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கு பாரு. மண்ணுலேருந்து ரேடான்னு ஒரு கெட்ட வாயு வருமில்ல, அதை வெளிய இழுக்கறதுக்கு வெச்சது. அடியில வெறும் ஜல்லிதான்.” இர்வின் சிரித்தான். “ஏற்கெனவே பாத்ரூம் கட்டினவன்னு உன்னை வாத்தியாரா கூட்டிட்டு வந்தா, நீ என்கிட்ட பாடம் கேக்குற.”

ரோலண்ட் சிரிக்கவில்லை. மஞ்சள் சீட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினான். இதே போன்ற சீட்டை அவன் தன் வீட்டில் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தான். கடை ஒட்டிய விலைச் சீட்டு என்று நினைத்து, தரைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பு.

ரெஜைனா நகரத்தின் கிழக்கு ஓரத்தில் அடுத்தடுத்து நின்ற அவர்கள் இருவரின் வீடுகளும் ஒரே கம்பெனி கட்டியவை. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொன்று. இரண்டிலும் மண்ணுக்குள் இறங்கிய கீழ்த்தளத்தில், பின்னாளில் குளியலறை கட்டிக்கொள்பவர்களுக்காகக் கான்கிரீட் தரையிலிருந்து மூடி போட்ட குழாய்கள் முளைத்து நின்றன. குளியலறைக்குத் தேவை மூன்று. தரையில் இருந்ததோ நான்கு. ஒன்று உபரி என்று முடிவு செய்த ரோலண்ட், பெரியதில் டாய்லெட்டை மாட்டி, மூன்று இஞ்ச் குழாயைச் சிமென்ட்டால் பூசி மறைத்திருந்தான்.

“டேய்,” என்றான் இர்வின், மெதுவாக. “உன்னோடதை எதுல மாட்டின?”

ரோலண்டின் பார்வை நான்கு இஞ்ச் குழாய்க்கே போனது.

“நான்கூட நெனச்சேன். நடு ஜனவரில நிலத்தடித் தண்ணியைத் தள்ற உங்க வீட்டு மோட்டார் ஏன் ஓடுது, மண்ணெல்லாம் கல்லா உறைஞ்சு கெடக்கேன்னு. நகராட்சி ஆளைக் கூப்பிட்டுக் காட்டலையா?”

“இல்ல. இந்தச் சின்ன வேலைக்கு அனுமதி எதுக்குன்னு விட்டுட்டேன்.”

இர்வின் தாடையைச் சொறிந்தான். “சரி விடு. குளிர்ல குழாய் வெடிச்சிடுச்சுன்னு வீட்டுல சொல்லிடு. மைனஸ் முப்பதுல எது வேணா வெடிக்கும். எவன் தோண்டிப் பாக்கப் போறான்?”

ரோலண்ட் பின்புறம் வழியாகவே வீட்டுக்கு நடந்தான். நிலத்தடி நீரை வெளியே தள்ளும் மோட்டாரின் குழாய் வாயில், பனி ஒரு சிறிய குன்றாக உறைந்திருந்தது. நீர்த்த தேநீரின் நிறம். இதைத் தாண்டித்தான் தினமும் குப்பையைக் கொண்டுபோனான். இன்றுதான் அதன் நிறத்தைப் பார்த்தான்.

அதற்கு நேர் மேலே, தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னல் திறந்து கிடந்தது. கீழ்த்தளத்தில் அவன் அப்பா எம்மெட் இருந்த அறையின் ஜன்னல் அது.

அப்பா வந்து சேர்ந்தது அக்டோபரில். அவருக்காகத்தான் அந்தக் குளியலறை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கெட்ட வாடை தொடங்கியது. முதலில் கீழே, பிறகு மாடிப்படியில். அப்பாவிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வயதான மனிதர், மூட்டு வலி, நேரத்துக்கு டாய்லெட் போய்ச் சேர முடியாமல் இருக்கலாம் என்று ரோலண்டும் அவன் மனைவி நொரீனும் படுக்கையில் கிசுகிசுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் நொரீன் மருந்துக்கடையில் பெரியவர்களுக்கான பஞ்சு உள்ளாடைப் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தாள். அதை அப்பாவின் கதவருகே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் படியேறியது ரோலண்ட்தான்.

அன்றிலிருந்து அப்பா மேலே வந்து சாப்பிடுவதில்லை. சளி பிடித்திருக்கிறது, உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார். தட்டைப் படியிலேயே வைக்கச் சொன்னார். அடிக்கடி டாய்லெட் போக வேண்டியிருக்கிறது என்று காபியையும் விட்டார். போன வாரம், முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை போகிறேன் என்றார். ரோலண்ட் ஒரு முறை மறுத்துப் பார்த்தான். இரண்டாம் முறை மறுக்கவில்லை.

அவன் கீழே இறங்கியபோது எம்மெட் கோட்டும் தொப்பியும் அணிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறை வெளியைப் போலவே குளிர்ந்தது. தன் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஜன்னலை மூடுங்கப்பா.”

“இருக்கட்டும்டா. வாடை போகக் காத்து வரட்டும்.” அவர் அடுத்த பையை எடுத்தார். “ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். பாத்ரூம் அருமையா கட்டியிருந்த. டைல்ஸ் எல்லாம் கோடு போட்ட மாதிரி. நான்தான் வந்து பாழாக்கிட்டேன்.”

குழாய் வெடித்துவிட்டது என்ற வாக்கியம் ரோலண்டின் நாக்கில் தயாராக இருந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது.

“வாடை உங்ககிட்டேருந்து வரலப்பா,” என்றான். “டாய்லெட்டைத் தப்பான குழாய்ல மாட்டிட்டேன். வாயு போற குழாய்ல. இத்தனை நாளா எல்லாம் இந்தத் தரைக்கு அடியிலதான் போயிருக்கு. அந்த மோட்டார் வெளிய தள்ளினதும் அதைத்தான்.”

எம்மெட் தரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஆயுள் முழுக்க, பனியில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் ஆட்ட அரங்கத்தில் பனித்தளம் போட்டவர் அவர். விளக்கு போடாமலே பனியின் குறையைச் சொல்லிவிடுவார் என்று அவர் ஊரில் பேச்சு.

“பனியோட நெறம் சரியில்லன்னு பாத்தேன்,” என்றார். “டிசம்பர்லயே பாத்தேன். உன் வேலையில குத்தம் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்குமேன்னு வாயை மூடிக்கிட்டேன். சொல்லிடலாம்னு ஒரு நாள் கதவைத் தெறந்தா, வாசல்ல அந்தப் பாக்கெட் இருந்துச்சு.” முடிச்சை இறுக்கினார். “சரி, பசங்களுக்குத் தெரியாததா, வாடை நம்மகிட்டேருந்துதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ரோலண்டுக்கு முகம் சூடானது. அந்தக் குளிரில் காது மடல்கூட எரிந்தது.

“நொரீன்தான் வாங்கினாளா?” என்றார் எம்மெட்.

ஆமாம் என்றால் பாதி பாரம் இறங்கிவிடும்.

“வாங்கினது அவ. கொண்டுவந்து வெச்சது நான்.”

அப்பா தலையாட்டினார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு ஸ்வெட்டரை மூக்கருகே கொண்டுபோய், யாரும் பார்க்காதது போல முகர்ந்து, மறுபடியும் பைக்குள்ளேயே வைத்தார்.

மேலே தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று இழுபட்டது. நொரீன் வழக்கம்போல இரண்டு தட்டுகளை மேசையிலும் ஒன்றைப் படியிலும் வைத்துக்கொண்டிருப்பாள்.

ரோலண்ட் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். முடிச்சுப் போட்ட பை ஒன்றை எடுத்தான். முடிச்சை நகத்தால் கிள்ளி அவிழ்க்கத் தொடங்கினான். எம்மெட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

“அப்பா,” என்றான். “மேல வாங்க. இன்னிக்கி எங்ககூட உக்காந்து சாப்பிடுங்க.”