கண்டிகைக் கச்சேரி

விஷ்ணுவை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றுதான் ஊரில் பேச்சு. கே.ஜி.கண்டிகையில் ஆடிக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, கெங்கையம்மன் சன்னிதிக்கு நேர் எதிரில், கிட்டாரும் கையுமாக விழுந்து செத்த இருபத்துநாலு வயசுப் பையனைப் பற்றி வேறு எப்படிப் பேசுவார்கள்? கொடுத்துவைத்த சாவு என்றார்கள் சிலர். அந்தக் காட்டுக் கத்தல் பாட்டு அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை என்று அஃப்தாப்புக்குத் தெரியும். அந்த பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன் அவன். தெரிந்ததை விஷ்ணுவின் அம்மாவிடம் போய்ச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவதா என்று பதினைந்து நாளாகத் திரிந்துகொண்டிருந்தான்.

பேண்டுக்குப் பெயர் 'சிக்னல் ஃபெயிலியர்'. திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் ரயிலில் போய்வருகிற யாருக்கும் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. மொத்தம் மூன்று பேர். கிட்டார் வாசித்துப் பாடுகிறவன் விஷ்ணு. அவன் அப்பா பாலசுப்பிரமணியன் வீட்டோடு நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். பேஸ் கிட்டார் பானுப்ரியா. பகலில் அரக்கோணத்தில் மருந்துக்கடை வேலை. அஃப்தாப், தன் அப்பா நஜீர் அகமது வைத்திருந்த கடையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான். கிணற்று மோட்டார்கள் கருகிப்போய் வந்து சேரும். கரண்டு எந்த வழியாகக் கசியும், எங்கே ஆளைப் பிடிக்கும் என்பதெல்லாம் பத்து வயசிலிருந்தே அவனுக்குப் பாடம்.

ஒத்திகை விஷ்ணு வீட்டுத் தறிக்கொட்டகைக்குப் பின்னால். நான்கு தறி ஓடுகிற இடத்தில் இவர்கள் சத்தத்தைப் பற்றி யார் புகார் சொல்ல முடியும்? "ஒங்க சத்தத்துக்கு எங்க தறியே தேவலாம்பா" என்பாள் விஷ்ணுவின் அம்மா பத்மா. சொல்லிவிட்டு மூன்று பேருக்கும் தோசை வார்ப்பாள். அஃப்தாப்புக்கு மட்டும் கொஞ்சம் முறுகலாக, அவன் கேட்காமலே.

திருத்தணியில் ராக் இசைக்கு என்ன கிராக்கி இருந்துவிடும்? செல்போன் கடைத் திறப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வருஷத்துக்கு ஒரு காலேஜ் விழா. மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் வாசித்தபோது, காது குத்திய குழந்தை மொட்டைத் தலையோடு வீரிட்ட வீரிடலில் பாதிப் பாட்டு அடிபட்டுப் போயிற்று. சினிமாப் பாட்டு கேட்காத ஆளே கிடையாது. நான்கு சினிமாப் பாட்டுக்கு நடுவில் தான் எழுதியது ஒன்றை விஷ்ணு திருட்டுத்தனமாக நுழைத்துவிடுவான். கரண்டு போய்த் தறி நின்ற வீட்டில், திடீரென்று ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்க ஆரம்பித்துவிடுகிற சங்கடத்தைப் பற்றி அவன் எழுதிய பாட்டு அஃப்தாப்புக்கு உயிர். ஜனங்கள் கைதட்டினார்களா என்றால் இல்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. விஷ்ணுவுக்கு அது போதும். அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு வாரம் ஓட்டுவான்.

வினை விஷ்ணுவின் ஆம்ப்ளிஃபயரில் இருந்தது. சென்னையில் பழசாக வாங்கியது. முதல் கச்சேரியே அரக்கோணத்தில் ஒரு கடைத் திறப்பு. அங்கே கொடுத்த மின்பெட்டியில் இரண்டு ஓட்டைதான்; இவர்களுடையதோ மூன்று பின் பிளக். ஆட்கள் கூடிவிட்டார்கள், கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். அஃப்தாப் அந்த பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டினான். கசிகிற கரண்டை மண்ணில் இறக்கிவிடுகிற எர்த்தின் பச்சை ஒயரை மடக்கி டேப் சுற்றினான். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. போகிற இடமெல்லாம் இரண்டு ஓட்டைப் பெட்டியாகவே இருந்ததால், அதுவே வசதி என்றும் ஆகிவிட்டது.

மணவூர் நிச்சயதார்த்தத்தில்தான் முதல்முறையாக விஷ்ணு பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "மச்சா, கிட்டார் கடிக்குதுடா."

கம்பி வழியாக லேசாகக் கரண்டு அடித்திருந்தது. அன்றைக்கு அஃப்தாப் சட்டம் போட்டான். மைக்குக்கு மொத்தமான ஸ்பாஞ்சு உறை, வாய் இரும்பில் படக்கூடாது. காலுக்கு ரப்பர் செருப்பு, தரையில் படக்கூடாது. ஷூ போட்டுக்கொண்டு ஆடுகிற ராக் பாடகர்களைப் பார்த்து வளர்ந்த விஷ்ணு, நீல வார் வைத்த ஹவாய் செருப்போடு மேடை ஏறினான். பானுப்ரியா கேலி செய்து தீர்த்தாள். ஆனால் ஒவ்வொரு மேடையிலும், முதல் பாட்டுக்கு முன்னால் விஷ்ணு திரும்பி அஃப்தாப்பைப் பார்ப்பான். அஃப்தாப் பெட்டியையும் ஒயரையும் தரையையும் ஒரு நோட்டம் விட்டுத் தலையாட்டுவான். அதற்குப் பிறகுதான் கை கம்பியைத் தொடும். கரண்டு விஷயத்தில் விஷ்ணுவுக்கு அவன் வாக்குதான் வேதவாக்கு.

கண்டிகைக் கச்சேரி தணிகைமணி என்கிற பெரியவர் மூலமாக வந்தது. திருவிழா வேலைகளை முன்னின்று செய்கிறவர் அவர். கிளம்பும்போது நஜீர் அகமது கடையிலிருந்தபடியே மகனிடம் சொன்னார்: "கோயில் எடம், பேட்டா. அவங்க என்னா சொல்றாங்களோ கேட்டுக்கினு வா. எதிர்த்து ஒரு வார்த்த வேணாம்." அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. முப்பது வருஷமாக எல்லார் வீட்டு மோட்டாரையும் கட்டித்தருகிறவர். ஆனால் செய்தி கேட்கிறவர், செல்போன் பார்க்கிறவர். இந்தக் காலத்தில் மகனை வெளியே அனுப்புகிற அப்பாவுக்கு இருக்கிற பயம் அவருக்கும் இருந்தது.

போன இடத்தில் ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. பேர் என்ன என்று கேட்டவர்கள், கேட்டுக்கொண்டு, பெரிய சொம்பில் கூழ் ஊற்றிக் கொடுத்தார்கள். வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொள்ள. நன்றாகவே சாப்பிட்டான்.

சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம். சன்னிதிக்கு எதிரில் சிமெண்டு மேடை. பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவிவிட்டிருந்தார்கள். பள்ளத்தில் இன்னும் தேங்கியிருந்தது. சாமான்களை ஏற்றி ஒயரெல்லாம் மாட்டியபின் தணிகைமணி வந்தார். கோபமாக அல்ல, குழைவாகத்தான் சொன்னார்.

"தம்பிங்களா, அம்மா பாத்துகினு இருக்கிற மேட. செருப்ப மட்டும் கீழ வுட்டுடுங்க."

அஃப்தாப் என்ன செய்தான் தெரியுமா? மற்ற இரண்டு பேருக்கும் முன்னால், முதல் ஆளாகத் தன் செருப்பைக் கழற்றினான். தன்னை யாரும் எதுவும் நினைத்துவிடக் கூடாதே என்கிற அந்த அவசரம்தான். பானுப்ரியாவும் கழற்றினாள். விஷ்ணு ஒரு காலைத் தூக்கியபடி திரும்பி, "கழட்டட்டாடா?" என்றான்.

ஒரு வார்த்தை போதும். கரண்டு அடிக்கும், பெரியவரே, ஒரு பலகை போடுங்க, இல்லாவிட்டால் செருப்போடு நிற்கட்டும் என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தணிகைமணி பக்கத்தில் நிற்கிறார், சன்னிதியில் கற்பூரம் எரிகிறது, நூறு பேர் பார்க்கிறார்கள். அம்மன் முன்னால் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று ஒரு அஃப்தாப் சொல்வதா? போன வாரம்கூட ஒன்றும் கடிக்கவில்லை, நாலே பாட்டுத்தான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சிரித்தபடி தலையாட்டினான்.

இரண்டாவது பாட்டின் நடுவில், தேங்கிய தண்ணீரில் கால் பட்டதும் விஷ்ணுவின் உடம்பு விறைத்தது. முதுகு பின்னால் வளைந்து, கழுத்து நரம்பு புடைத்து, கிட்டாரை விடாமல் பிடித்தபடி உதறினான். கூட்டத்தில் யாரோ "சாமி வந்துடுச்சு" என்றார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு அம்மாள் வேப்பிலையோடு ஓடிவந்தாள். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அஃப்தாப் டிரம்ஸை உதைத்துத் தள்ளிவிட்டுக் கும்பிடுகிற கைகளுக்கு நடுவே புகுந்து, ஒயரைப் பெட்டியோடு பிடுங்கினான். அதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று போலீஸ் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. வீடியோவில் பத்தொன்பது விநாடி.

ஆமாம், வீடியோ இருந்தது. எவனோ எடுத்தது மறுநாளே திருத்தணி முழுக்கப் போன் போனாகப் போயிற்று. மின்சாரம் தாக்கிச் சாவு என்று போலீஸ் எழுதி முடித்தது. பழைய ஆம்ப்ளிஃபயர், விதி என்று சவுண்டு சர்வீஸ்காரர் சொன்னார். பச்சை ஒயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செருப்பைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. பானுப்ரியாவுக்குத் தோன்றியது. ரயில் நிலையத்தில் அவனைப் பார்த்தவள், "அன்னைக்கு நானும் வாயத் தொறக்கல. ஆனா அவன் என்னக் கேக்கலயே, ஒன்னத்தானே கேட்டான்" என்று சொல்லிவிட்டு அழுதபடி ரயில் ஏறிப்போனாள். அவள் பேஸ் கிட்டாரை அப்புறம் எடுக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அஃப்தாப் போனான். "போயிட்டு வா, ஒண்ணுத்தையும் கெளறாத" என்று நஜீர் அகமது சொல்லியிருந்தார். காலை பதினோரு மணிக்கு அந்தத் தெருவே தறிச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருக்க, விஷ்ணு வீடு மட்டும் வாயடைத்துக் கிடந்தது. கூடத்தில் படத்துக்கு மாலை. பாலசுப்பிரமணியன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தணிகைமணியும் வந்திருந்தார், பதினாறு நாளில் மனுஷர் பாதியாகியிருந்தார்.

பத்மா அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கையில் போன். வீடியோவின் ஆரம்பத்தை வைத்து, ஓடவிட்டு, நிறுத்தினாள்.

"இத பாருப்பா. இங்க ஒன்னப் பாத்து என்னமோ கேக்கறான். நீ ஆங்னு தலையாட்டற. சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. என்னா கேட்டான்? எம்புள்ள கடைசியா கேட்டது என்னான்னு எனக்குத் தெரியணும்."

"செருப்ப கழட்டட்டானு கேட்டாம்மா."

அவள் முகம் இளகியது. பதினாறு நாளில் முதல்முறையாக ஏதோ கையில் கிடைத்தவளாகக் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டீங்களா? சாமி எடம்னு நம்ம புள்ள யோசிச்சிருக்கான். இவனும் கழட்டுனு சொல்லியிருக்கான். வேற வீட்டுப் புள்ள, எவ்ளோ மரியாத பாரு." அவன் தலையில் கை வைத்துத் தடவினாள். "நல்லா இருப்பா நீ."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆயுசுக்கும் அந்த வீட்டில் அவன் நல்லவன். ஆனால் அந்தக் கை தலையில் இருக்கும்போதே அவன் வாயைத் திறந்தான்.

"மரியாத இல்லம்மா," என்றான். "செருப்புதான் அவன காப்பாத்திக்கினு இருந்துச்சு. கிட்டார்ல கரண்டு கசியும். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், அதான் என்னக் கேட்டான். கழட்டாதனு சொல்லியிருந்தா கழட்டியிருக்க மாட்டான். இன்னைக்கு இருந்திருப்பான்."

பச்சை ஒயரையும் சொன்னான். எதையும் மிச்சம் வைக்கவில்லை. பாலசுப்பிரமணியன் சுவரிலிருந்து நிமிர்ந்தார். தணிகைமணி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா தம்பி. நானே போட்டுக்கோன்னு சொல்லியிருப்பேனே. அம்மா என்னா, கோச்சிக்கவா போறா" என்று முனகினார்.

பத்மா கையை எடுத்துவிட்டாள். கத்தவில்லை.

"தெரிஞ்சும் ஏன்பா தலையாட்டுன?"

"பயமா இருந்துச்சும்மா."

"கரண்டப் பாத்தா?"

"இல்ல. தப்பா நெனச்சிப்பாங்கனு."

"யாரு?"

அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். கூழ் ஊற்றிக் கொடுத்த கண்டிகை ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். தலை குனிந்த தணிகைமணி. அவன் உள்ளே நுழைந்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு அழுத பாலசுப்பிரமணியன். ஒருத்தரையாவது விரல் நீட்டிக் காட்ட முடியுமா என்று பார்த்தான், முடியவில்லை.

"எங்களயா?" என்றாள் பத்மா. "ஏழு வருஷமா இந்த வூட்ல சாப்ட்டுட்டு, எங்களப் பாத்தாப்பா பயந்த?"

ஆமாம் என்று தலையாட்டினான்.