மானின் பின்னங்கால்

ரோரி கெட்டிலைப் போட்டான். இரண்டு கோப்பைகளை எடுத்தான்; ஒன்றைத் திரும்ப வைத்தான். ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். வாசலில் மனைவி டாம்சினின் பூட்ஸ், வெள்ளை மண் காய்ந்து கிடந்தது. அதை நகர்த்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். மத்தியானம் அவளை அடக்கம் செய்ய வேண்டும்.

கதவைத் தட்டியது பெர்னிஸ். குன்றைப் பராமரிக்கும் குழுவின் தலைவி. கையில் மண்வெட்டி.

"வண்டி குன்றடி வழியாத்தான வரும்?"

"ஆமா."

"மானோட பின்னங்கால் ஒடிஞ்ச மாதிரி கெடக்கு. ஊரே பாக்கும்ப்பா."

டாம்சின் கடைசியாக வெட்டிய ஓரம் அது. முதல் உலகப் போரில் செத்த தோழர்களுக்காகச் சிப்பாய்கள் சரிவில் புல்லைச் சீவி, அடியிலிருக்கும் சுண்ணாம்பு தெரிய வரைந்துவிட்டுப் போன மான். கோடைதோறும் ஓரம் வெட்டாவிட்டால் புல் அதைத் தின்றுவிடும்.

"அவ வெட்டினது. அப்படியே இருக்கட்டும்."

"நான் வெட்டின கொம்பப் பாத்து, 'இது மானா, முள்கரண்டியா'ன்னு கேட்டவ அவ. கோணக் கோட்ட அவ பேர்ல விட்டு வெச்சா என்னச் சும்மா விடுவாளா?"

ரோரி பாலிஷ் டப்பாவை மூடினான்.

"கீழ நின்னு சொல்ல ஆள் வேணும். வேற யாரையாச்சும் கூப்பிடறேன்," என்றாள் பெர்னிஸ்.

"வேணாம். நானே வர்றேன்."

சரிவில் நிற்பவர்களுக்கு அது வெறும் வெள்ளைத் தரை. மான் தெரிவது கீழே பாதையில் நிற்பவனுக்கு மட்டும். ரோரி பாதையோர வேலிக் கதவருகில் போய் நின்றான். போன சனிக்கிழமையும் இங்கேதான் போனும் கையுமாக நின்றான். மேலே டாம்சின் உட்கார்ந்தாள். களைப்பாறுகிறாள் என்று நினைத்துக் கையசைத்தான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

போன் அடித்தது.

"சொல்லுப்பா," என்றாள் பெர்னிஸ்.

"கொஞ்சம் கீழ. இன்னும். அங்கதான்."

அவள் புல்கட்டியை டாம்சினின் வளைவின் மேல் பதித்துக் காலால் மிதித்தாள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. மானின் கால் நேரானது.

"சரியா இருக்கா? ரோரி? லைன்ல இருக்கியா?"

அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

போன சனிக்கிழமை, உட்காருவதற்குச் சற்று முன், டாம்சினும் இதே போனில்தான் மூச்சு வாங்கியபடி பேசினாள்.

"நீ பாத்துச் சொல்லு ரோரி. இங்கேர்ந்து எனக்கு ஒண்ணுமே தெரியல."