வலது ஓரத்து இடம்

டி.வி.யில் கால்பந்து ஓடினால் இப்போதும் அம்மா ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே அதைக் கேட்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

2002 உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது. அதனால் நெசவாளர் ஊரான பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குப் பட்டப்பகலில் ஆட்டம். தறி ஓடும் நேரம். வீட்டிலிருந்த ஒரே பிளக் அப்பா கைலாசத்தின் முதுகுக்குப் பின்னால். டி.வி.யும் அங்கேதான். அவர் தறிக்குழியில் கால் வைத்துப் புடவையின் உடலை நெய்வார். அம்மா கலாவதி தறியின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிவாள். தலையைத் திருப்பினால் அவளுக்குப் படம் தெரியும்; பார்த்து அப்பாவுக்குச் சொல்வாள்.

"மஞ்ச சட்டக்காரன் ஓரமாவே இழுத்துக்கினு போறான். உள்ள தள்ளிட்டான். போச்சு, வெளிய."

அவள் நாடா ஒரு கணம் தாமதித்தால், பந்து கோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதென்று அவள் சொல்லும் முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

மஞ்சள் சட்டைக்காரர்களுக்கும் ஜெர்மனிக்கும் இறுதி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையில் முகூர்த்தப் புடவை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். தறியை நிறுத்த முடியாது. மதியச் சாப்பாட்டின்போது அப்பா, மாதம் முழுக்கக் காதால் கேட்டாயிற்று, இன்றைக்கு ஒரு நாள் உன் இடத்தைக் கொடு என்று கேட்டார். அந்த மாதம் முழுக்க அம்மா காத்திருந்தது இந்த ஆட்டத்துக்காகத்தான். ரசம் ஊற்றினாள். பிறகு சரி என்றாள். உடல் நெய்வது அவள் பிறந்த வீட்டிலேயே கற்றது.

இடம் மாற்றி உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குத்தான் சொல்ல வரவில்லை.

"ஒருத்தன் ஓடறான். இன்னொருத்தன் விழுந்துட்டான்."

"யாரு?"

"சட்ட போட்டவன்."

"எல்லாரும்தான் சட்ட போட்டுக்கினு இருக்கானுங்க."

நெற்றிக்கு மேலே மட்டும் முடி வைத்த ஆட்டக்காரனைக் கண்டதும், குடுமியை முன்னால் வைத்திருக்கிறானே என்று சிரித்து, நாடா எறியவே மறந்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் டி.வி. அலறியது. கோல் விழுந்ததா என்று அம்மா கேட்டாள். அப்பா வாயைத் திறந்தபடி இருந்தார். அவள் நாடாவை வைத்துவிட்டு, குழியிலிருந்து காலை எடுத்து, அவரருகே வந்தாள்.

"தள்ளி உக்காருங்க."

தறி நின்றது.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத்தான் தறி நிற்கும். மற்ற நாளில் பகலில் ஒரு வீடு சத்தமற்றுப் போனால் சாவு, அல்லது அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. அடுத்த வீட்டுப் பட்டம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஆட்டோ கூப்பிடத் தயாராக, சட்டையை மாட்டிக்கொண்டே அவள் கணவர் கலியாணசுந்தரம் பின்னால் வந்தார்.

"யாருக்கு இன்னாமா ஆச்சு?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜெர்மனிக்கு, அக்கா. வா, உக்காரு."

இரண்டாவது கோலை என்னையும் சேர்த்து ஐந்து பேர் பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் அம்மா வலது ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா தானாகவே குழிக்குள் இறங்கினார்.