ஆண் மரத்துப் பாளை

ஹாஜி துஹாமிக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளும் அவன் கொன்று புதைத்த லஸ்ஹரின் முகத்தோடு பிறந்தார்கள். துஹாமியின் பெண்டாட்டி ரெப்ஹாவை ஒரு சொல் சொல்ல முடியாது. லஸ்ஹர் செத்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் கடலோர மஹ்தியாவிலிருந்து எங்கள் பாலைச்சோலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அதே அகன்ற நெற்றி, அதே இடதுகைப் பழக்கம். மரத்திலிருந்து விழுந்து லஸ்ஹருக்குக் கோணிப்போன மூக்குகூட அப்படியே வந்திருந்தது. "ஒடஞ்ச மூக்கு ரத்தத்துல வராதும்மா" என்றார் டாக்டர். "பின்ன இது எதுல வந்துச்சாம்?" என்று மருத்துவச்சி கேட்டாள். டாக்டர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கொலைக்குக் காரணம் தண்ணீர். லஸ்ஹர் துஹாமியின் தோப்பில் கூலிக்கு மரமேறுகிறவன். தனக்கென்று இருபது பேரீச்ச மரம், வாரத்துக்கு ஒரு முறைத் தண்ணீர், அவ்வளவுதான் சொத்து. அன்று லஸ்ஹரின் முறையில் துஹாமி வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிவிட்டான். மடையை அடைக்கக் குனிந்தவனை மண்வெட்டியால் பின்மண்டையில் போட்டான். பாவி, புதைக்கிற இடத்தையாவது யோசித்தானா? பெண் மரத்தடியில் எவனாவது களை கொத்துவான், காய்க்காத ஆண் மரத்தடிக்கு யார் போகப் போகிறார்கள் என்று அதன் காலடியில் தள்ளி மூடினான். லிபியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரை நம்பவைத்தான். ஆண் மரம் காய்க்காதுதான். ஆனால் வசந்தத்தில் அதன் பாளையைக் கீறி ஒவ்வொரு பெண் குலைக்குள்ளும் வைத்துக் கட்டினால்தான் தோப்பே காய்க்கும், ஆணின் குணம் அந்தக் காயிலேயே ஏறும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் இவனுக்கு மறந்து போச்சு.

லஸ்ஹரின் பெண்டாட்டி மப்ரூக்கா புருஷன் பார்த்த மரமேறும் வேலையைத் தனக்குக் கேட்டாள். ஊர் மெச்சட்டும் என்று துஹாமி கொடுத்தான். முதல் வசந்தத்தில் அந்த மரத்துப் பாளையைக் கீறியதும் லஸ்ஹரின் மூக்குப்பொடி வாசம் குப்பென்று அடித்தது. மரத்தின் உச்சியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். நிலம் துஹாமியுடையது, தோண்ட விடமாட்டான். புதைத்த இடத்தை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினாள். அதற்கப்புறம் அந்தத் தோப்பில் வேறு ஆண் மரத்துப் பாளையை அவள் தொட்டதில்லை. பழத்தைத் தின்ற பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தின்ற ரெப்ஹாவின் வயிற்றில் இருந்த பிள்ளைகள்தான் மாறின.

சந்தையில் சனங்கள் பிள்ளைகளை "லஸ்ஹர் மகனே" என்றே கூப்பிட்டார்கள். மப்ரூக்காவை விரட்டினால் ஏன் என்று ஊர் கேட்கும். மரத்தை வெட்டினால் வேரோடு எலும்பும் வரும். துஹாமி அவள் வாசலில் போய் நின்றான்.

"ஏ மப்ரூக்கா, என் புள்ளைங்கள என்னடி பண்ண?"

"நான் என்னத்த பண்ணேன் ஹாஜியாரே, பாளை கட்டினேன். என் புருஷன் எங்கன்னு சந்தையில நின்னு சொல்லுங்க, மரத்த மாத்திடறேன்."

"அவன்தான் லிபியாவுல இருக்கானே!"

"அப்ப உங்க அடுத்த புள்ளையும் லிபியாவுலேர்ந்துதான் வரும்."

பத்தாவது கரு தங்கியதும், ஒரு பேரீச்சைகூட வாயில் படாமல் ரெப்ஹாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பினான். மீனும் பார்லி ரொட்டியும் தின்று அவள் பெற்ற ஷத்லி அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தான். பதினெட்டு வயசு வரை அங்கேயே வளர்த்து, பிறகு ஊருக்குக் கூட்டிவந்து, முதல் வேலையாக மப்ரூக்காவின் முன்னால் நிறுத்தினான். "பாத்தியா? இதுதான் என் ரத்தம்!"

அவள் ஷத்லியை ஏற இறங்கப் பார்த்தாள். "சந்தேகமே இல்ல ஹாஜியாரே. பத்திரமா இருங்க."

மூத்த ஒன்பது பேரும் லஸ்ஹரைப் போலச் சாது. தண்ணீருக்கு யாரோடும் மல்லுக்கட்டியதில்லை. ஷத்லி அப்பனைக் கொண்டவன். மூன்றாம் மாசம், தண்ணீர் முறையை யார் எடுப்பது என்று அப்பனோடு வந்த தகராறில், மடையில் குனிந்திருந்த துஹாமியை மண்வெட்டியால் பின்மண்டையில் போட்டான். போலீஸ் அவனைக் கொண்டுபோனது. துஹாமி இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் கண் திறந்தபோது கட்டிலைச் சுற்றி ஒன்பது லஸ்ஹர்கள் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆண் மரத்தடியிலதான்டா ஒன்னப் பொதச்சேன்! நான்தான்டா கொன்னேன்! போடா, என்னை விட்டுப் போடா!" தெருவே கேட்டது. அதோடு மூச்சு நின்றது. நல்லா வேணும் என்றுதான் எனக்கும் தோன்றியது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஒன்பது பேரும் தோண்டினார்கள். லஸ்ஹருக்குத் தொழுகை வைத்து ஊரே தூக்கிப்போனது. துஹாமியைத் தூக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வசந்தத்தில், அறுபதை நெருங்கும் வயசில், மப்ரூக்கா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அதே ஆண் மரத்தடியில் நின்றாள்.

"அதான் சொல்லிட்டுச் செத்துட்டானே, இன்னும் எதுக்கு இந்த மரம்?" என்று கேட்டேன்.

பல்லில் கடித்திருந்த கத்தியை எடுத்தாள். "ஒன்பது பேருக்கும் ஓடுறது அவன் ரத்தம்தானே? இனிமே பேரப்புள்ளைங்க பொறக்கணும். அதுல ஒண்ணுலகூட அவன் மூஞ்சி எட்டிப் பாக்கக் கூடாது."

ஏறினாள். இப்போது பேரப்பிள்ளைகள் இருபத்தேழு, அத்தனை பேருக்கும் அதே கோணல் மூக்கு. பள்ளிக்கூட வருகைப் பதிவில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும், எழுந்து நிற்கிற முகத்தை வாத்தியார் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.